ஒஸ்தூனி: சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு மலையூர்

இத்தாலியின் புல்யா மாநிலத்தில், அட்ரியாட்டிக் கடலிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தள்ளி ஒரு குன்றின்மேல் இருக்கிறது ஒஸ்தூனி. ரயில் நிலையம் ஊருக்குள் இல்லை. கீழே, ஏறக்குறைய 3 கிலோமீட்டரில். டவுன் பஸ்ஸைப் பிடியுங்கள். வெயிலில் அந்த ஏற்றம் வேண்டாம். காரில் போனால் பழைய ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுங்கள். சிவப்பு வட்டம் போட்ட 'ஸோனா டிராஃபிகோ லிமிதாதோ' (வண்டிகளுக்குக் கட்டுப்பாடுள்ள பகுதி) பலகையைத் தாண்டினால் கேமரா வண்டி நம்பரைப் பிடித்துவிடும். அபராதம் பல வாரம் கழித்து வரும்.

பழைய ஊரின் வீடுகள் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் சுண்ணாம்பு. இங்கே சுண்ணக்கல்லுக்குப் பஞ்சமில்லை. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்து மெல்லிசாகப் பலமுறை பூசினால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து அது மறுபடி கல்லாகிறது. அதன் காரத்தன்மை கிருமியையும் கொல்லும். சுவரும் மூச்சு விடும். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் உள்ளே ஈரம் தங்கி, கொப்புளித்து உரியும். மூலைகளைக் கவனித்துப் பாருங்கள்: பூச்சின்மேல் பூச்சு ஏறி, கூர்மையே மழுங்கியிருக்கும். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்தது அதுதான்.

தேய்ந்து பளபளக்கும் தெருக்கல் மழையில் வழுக்கும். ரப்பர் அடிச் செருப்பு அவசியம். வெள்ளைச் சுவர் படத்தில் சாம்பலாக விழும், கேமராவில் எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) +1 வையுங்கள். 15-ஆம் நூற்றாண்டுப் பேராலயத்தின் வட்டச் சன்னலைப் பார்த்துவிட்டு, அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1991-இல் கிடைத்த, சுமார் 28,000 ஆண்டு பழைய கர்ப்பிணியின் எலும்புக்கூடு பற்றி அங்கே அறியலாம். வயிற்றில் சிசுவின் எலும்புகளும் அப்படியே இருந்தன.