பின்மண்டை காலியாக இருக்கட்டும்: நீள முடியோடு பிரசவத்துக்குப் போகிறவர்களுக்கு

முக்கச் சொல்லும்போது தாடையை நெஞ்சோடு சேர்த்துத் தலையைத் தூக்க வேண்டியிருக்கும். ஒற்றைச் சடை முதுகுக்கடியில் மாட்டியிருந்தால் தலை பாதியிலேயே நின்றுவிடும். பிடரி சுளீரென்று இழுக்கும், மூச்சு கலையும், அந்த ஒரு வலி வீணாகப் போய்விடும். அடுத்த வலிக்கும் அதேதான். குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பிரசவ அறைகளில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. பையில் என்ன எடுத்து வைக்க வேண்டும், எத்தனை நிமிடத்துக்கு ஒரு வலி வந்தால் கிளம்ப வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுக்க வீட்டில் பத்துப் பேர் இருக்கிறார்கள். இடுப்பைத் தாண்டி முடி இருக்கிற பெண்ணுக்கு அதை எப்படிக் கட்டிக்கொண்டு போவது என்று சொல்ல யாரும் இல்லை.

சொல்ல வேண்டியது சுருக்கம்தான். பின்மண்டையில் ஒன்றும் இருக்கக் கூடாது. கொண்டை, கிளட்ச், ஹேர்பின், நடுச்சடையின் மேடு எதுவுமே வேண்டாம். நடு வகிடு எடுத்து, காதுக்குக் கீழே ஆரம்பித்து, இரண்டு தளர்ந்த சடை பின்னி, இரண்டையும் முன்பக்கம் போட்டுக்கொள்ள வேண்டும். எப்படிப் படுத்தாலும் உட்கார்ந்தாலும் ஒத்துவருவது இது ஒன்றுதான்.

37 வாரம் முடிந்த பிறகு வலி எந்த நாளிலும் வரலாம். சமவெளியில் அது முடிக்குப் பெரிய பிரச்சினை இல்லை. மலையில் அப்படியில்லை. ஜூலை மழையில் காலையில் தலைக்குக் குளித்தால் இடுப்பு வரைக்கும் இருக்கிற முடி சாயங்காலம் வரை உள்ளுக்குள் ஈரமாகவே இருக்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுகிற இரவில் ஈரத் தலையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது கொடுமை. அதனால் கடைசி மூன்று நான்கு வாரம், வெயில் தெரிகிற நாளாகப் பார்த்து, பத்து மணிக்குள் தலைக்குக் குளித்து முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கிவிட்டால் எவ்வளவு துவட்டினாலும் காயாது. மொத்தமான பூத்துவாலையை விட மெல்லிய பருத்தித் துண்டு இரண்டு மாற்றி மாற்றிப் போட்டால் சீக்கிரம் ஈரம் இழுக்கும். சாயங்காலத்தில் தலைக்குக் குளிக்கும் பழக்கத்தைக் குழந்தை பிறக்கும் வரை விட்டுவிடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் அம்மாக்களோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கும். வலி வந்ததும் உச்சியில் கை நிறைய எண்ணெய் வைத்து அழுத்திப் பின்னி அனுப்புவது அன்புதான். ஆனால் உடம்பு வியர்த்ததும் அந்த எண்ணெய் பிடரி வழியாக முதுகில் இறங்கும். முதுகில் ஊசி போட வேண்டி வந்தால் அந்த இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்வது கூடுதல் வேலை, பிளாஸ்டரும் ஒட்டாமல் நழுவும். எண்ணெய் வேண்டுமென்றால் அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, முடியின் கடைசி ஒரு முழத்துக்கு மட்டும் தடவுங்கள். சிக்கு விழாமல் இருக்க அது போதும்.

பையின் வெளி அறையில், எடுக்கச் சுலபமாக, இவற்றை வையுங்கள்: துணி சுற்றிய ரப்பர் பேண்டு 6 (இரண்டு எப்படியும் தொலையும்), பள்ளிக்கூடத்து ரிப்பன் ஒரு மீட்டர் நீளத்தில் 2, அகலப் பல் சீப்பு, மெல்லிய பருத்தி ஸ்கார்ஃப் 2, குளிக்கும்போது போடும் பிளாஸ்டிக் தொப்பி ஒன்று. பேன் சீப்பு வேண்டாம், அவசரத்தில் முடியைப் பிய்த்துவிடும். மெல்லிய கறுப்பு ரப்பரும் வேண்டாம், ஈர முடியில் இறுகினால் கத்தரி வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பின்னுகிற நேரம் முக்கியம். வலி பத்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருக்கும்போதே பின்னிவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றானால் பெண்ணால் ஒரே இடத்தில் உட்கார முடியாது, தலையை யாராவது தொட்டாலே எரிச்சல் வரும். தானாகப் பின்னிக்கொள்வதை விட இன்னொருவர் பின்னிவிடுவது நல்லது. தலைக்கு மேலே கை தூக்கி வைத்திருப்பதே அப்போது களைப்பு.

முதலில் நுனியிலிருந்து மேலே சிக்கெடுங்கள். நெற்றியிலிருந்து பிடரிக் குழி வரை வகிடு நேராக வரட்டும். ஒவ்வொரு பக்கமும் முடியைக் காதுமடலுக்குக் கீழே கொண்டுவந்து, அங்கே ஒரு துணி ரப்பரைத் தளர்வாகப் போட்டு, அதற்குக் கீழே மூன்று கால் பின்னல். தலைத் தோலுக்கும் முடிக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் அவிழ்த்துத் திரும்பப் பின்னுங்கள், சங்கடப்பட வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் அந்தச் சடையோடு இருக்க வேண்டியவர் அவர். நுனியில் இரண்டு அங்குலம் விட்டு ரப்பர்.

இடுப்பு வரை முடி என்றால் இவ்வளவு போதும். அதற்கும் கீழே போனால் சடை நுனி மடியில் கிடக்கும், கீழே போடுகிற விரிப்பிலும் ரத்தத்திலும் படும். அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல மடித்துக் கட்ட வேண்டும். ஒரு வித்தியாசம்: பிள்ளைகளுக்கு மடிப்பு காதோரம் வந்து நிற்கும், இங்கே கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் நிற்கட்டும். காதோரம் கட்டினால் இடது பக்கம் சாய்ந்து படுக்கும்போது ரிப்பன் முடிச்சு காதை அமுக்கும். பிரசவத்தில் பாதி நேரம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் படுக்கச் சொல்வார்கள். முடி முழங்காலைத் தொடுகிறவர்கள் இரண்டு சடையையும் உச்சிக்கு மேலே குறுக்காகக் கொண்டுபோய், முன்னெற்றிக்கு மேல் ரிப்பனால் கட்டலாம். கிரீடம் மாதிரி நிற்கும், தியேட்டர் குல்லாவும் அதன்மேல் உட்காரும், பின்மண்டையும் காலியாக இருக்கும். ஒரு பின் கூடத் தேவையில்லை.

பூ வேண்டாம். மல்லிகை வாசனையே வலி நேரத்தில் குமட்டலைக் கிளப்பும், நசுங்கிய பூவும் நாரும் முடியோடு சேர்ந்து சிக்காகும். சவுரி, குஞ்சலம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

குளிருக்குத் தலையில் மங்கி கேப்போ கம்பளிச் சால்வையோ போடாமல் யாரும் இங்கே வெளியே இறங்குவதில்லை. ஆனால் பிரசவத்தில் முடியை அதிகம் கெடுப்பது கம்பளிதான். பிடரியில் வியர்வை, மேலே கம்பளி, தலை அங்குமிங்கும் உருளுகிறது: மூன்றும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் பிடரி முடி அடைகட்டிப் பஞ்சுத் திரி போலாகிவிடும். உள்ளே பருத்தி ஸ்கார்ஃப் கட்டி அதன்மேல் கம்பளி போட்டால் இந்தத் தொல்லை இல்லை. தலையணைக்கும் ஒரு பழைய பருத்திப் புடவைத் துண்டை விரியுங்கள்.

108 வண்டியில் கீழே அனுப்ப வேண்டி வந்தால், குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 14 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வராதவர்களுக்கும் வரும். சாய்ந்து படுத்திருக்கும்போது முன்பக்கம் தொங்கும் சடை நேராக வாந்திப் பைக்குள் போகும். வண்டி கிளம்புவதற்கு முன்பே இரண்டு சடையையும் ரவிக்கைக்குள்ளோ நைட்டிக்குள்ளோ செருகிவிடுங்கள்.

வலி முற்றிய பிறகு பெண் ஒரே நிலையில் இருப்பதில்லை. முட்டி போட்டுக் கைகளை ஊன்றி இருக்கும்போது சடை முகத்துக்கு நேரே ஆடும். அந்தச் சமயத்துக்கு மட்டும் இரண்டையும் கழுத்துக்குப் பின்னால் ஒரே ரப்பரில் சேர்த்துப் போடுங்கள், மல்லாக்கத் திரும்பியதும் அவிழ்த்து முன்னால் விடுங்கள். இது உடனிருக்கும் அம்மாவோ அக்காவோ கவனிக்க வேண்டிய வேலை. வெந்நீர் ஊற்றிக்கொண்டால் இடுப்பு வலிக்கு இதமாக இருக்கும், தாராளமாகக் குளிக்கலாம். பிளாஸ்டிக் தொப்பி போட்டுக்கொண்டு, தலை நனையாமல். இன்னொன்று, தாலிச் சங்கிலியின் கொக்கியில் முடி மாட்டுவது. முன்பக்கம் போட்ட சடைக்கும் சங்கிலிக்கும் நடுவில் ஸ்கார்ஃபின் நுனி ஒன்று இருந்தால் மாட்டாது. ஆக்சிஜன் மாஸ்க்கின் எலாஸ்டிக்கும் இதே மாதிரிதான், அதைச் சடைக்கு மேலே போடாமல் அடியில் விடச் சொல்லுங்கள்.

தலைவலி பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இறுக்கிப் பின்னினால் தலை வலிக்கும், உண்மை. ஆனால் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறினாலும் தலை வலிக்கும், கண் மங்கும், கண்முன் பொறி பறக்கும், மேல்வயிறு வலிக்கும். அது வலிப்பு வரை கொண்டுபோகும். தலை வலிக்கிறது என்று பெண் சொன்னால் ஒரு கையால் சடையைத் தளர்த்துங்கள், அதே நிமிடம் சிஸ்டரையும் கூப்பிடுங்கள். "இறுக்கிப் பின்னிட்டேன் கண்ணு, அதான்" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

சிசேரியன் என்றானால் முடியில் இருக்கிற உலோகம் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். ரத்தம் நிற்க மின்கருவியால் சுடும்போது, உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகம் தோலைச் சுட்டுவிட வாய்ப்புண்டு. அடர்ந்த முடிக்குள் மறைந்திருக்கும் ஒரு சின்ன ஸ்லைடைத் தேடி எடுப்பதற்குள் எல்லாரும் பதறிப்போவார்கள், முதலிலிருந்தே போடாமல் இருப்பது மேல். முதுகில் ஊசி போட, முதுகை வில்லாக வளைத்து உட்கார வேண்டும், சடை முன்னால் கிடந்தால் மயக்க டாக்டருக்கு முதுகு தெளிவாகத் தெரியும். முழு மயக்கம் கொடுக்க நேர்ந்தால் பின்மண்டையை ஏன் காலியாக வைக்கச் சொன்னோம் என்பது புரியும். தொண்டையில் குழாய் வைக்கத் தலையைச் சரியான கோணத்தில் சாய்க்க வேண்டும், கொண்டை தலையை முன்னுக்குத் தள்ளி அந்தக் கோணத்தைக் கெடுக்கும். அறுவை முடிந்து மல்லாந்தே மணிக்கணக்கில் கிடக்கும்போதும் கொண்டை கல் மாதிரி அழுத்தும்.

குழந்தை பிறந்ததும் எல்லாம் தலைகீழ். அதுவரை முன்னால் இருந்த சடைகளைத் தோளுக்குப் பின்னால் தள்ளுங்கள், குழந்தையை நெஞ்சில் போடுவார்கள். வியர்வையில் நனைந்த ஸ்கார்ஃபை அவிழ்த்து, இரண்டாவதாக வைத்திருக்கும் காய்ந்த ஸ்கார்ஃபைக் கட்டுங்கள். தாய்க்கு அந்த நேரத்தில் நடுக்கத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும், ஈரத் துணி அதை அதிகமாக்கும். ஈர முடி பட்டால் குழந்தையின் சூடும் இறங்கும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, வெந்நீர்ப் பையை விடக் காய்ந்த துணி இங்கே முதலில் வேண்டும்.

பிறகு மூன்று நாள். முடி உண்மையில் பாழாவது இப்போதுதான். பெரியவர்கள் குறிப்பிட்ட நாள் வரை தலைக்கு ஊற்ற விட மாட்டார்கள், பெண்ணும் களைத்துக் கிடப்பாள், சடையை யாரும் தொடுவதில்லை. தலைக்கு ஊற்றுவது எந்த நாள் என்பது உங்கள் வீட்டு வழக்கம், டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சடையை 24 மணி நேரத்துக்குள் அவிழ்த்து, அகலப் பல் சீப்பால் வாரி, புதிதாகப் பின்னுங்கள். அதற்குக் குளிக்க வேண்டியதில்லை. பிடரியில் ஏற்கெனவே அடைகட்டிவிட்டதா? தேங்காய் எண்ணெயை அந்தக் கட்டிக்குள் விரலால் ஊட்டி அரை மணி நேரம் விடுங்கள். கட்டிக்கு மேலே முடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், வேர் இழுபடாது. மற்றக் கை விரலால் நுனிப்பக்கத்திலிருந்து நாலைந்து இழைகளாகப் பிரியுங்கள், பிரிந்த பிறகுதான் சீப்பு. பெரிய கட்டி என்றால் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

முதல் தலைக்குளியலுக்குப் பின் முடி காய வைக்க, சாத்திய அறைக்குள் கரி அடுப்போ தணல் சட்டியோ வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை, தாயையும் குழந்தையையும் தூக்கத்திலேயே கொன்றுவிடும். மின் ஹேர் டிரையர் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் ஜன்னலோர வெயில். சாம்பிராணி போட்டே ஆக வேண்டும் என்றால் குழந்தை வேறு அறையில் இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

குழந்தை பிறந்து இரண்டு மாதத்திலிருந்து நான்கு மாதத்துக்குள் தாயின் முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பிக்கும். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் உதிர வேண்டிய முடியும் உதிராமல் நின்றிருந்தது, இப்போது சேர்ந்து விழுகிறது. பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயதாவதற்குள் சரியாகிவிடும். இந்தக் காலத்தில் பார்க்க வேண்டியது குழந்தையின் காலை. மலையில் குழந்தைக்கு இரவும் பகலும் கம்பளிச் சாக்ஸும் கையுறையும் போட்டே வைத்திருப்போம். அம்மாவின் ஒற்றை முடி அதற்குள் போய்ச் சுண்டுவிரலைச் சுற்றி இறுகிக்கொண்டால் வெளியே தெரியாது. ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிச் சிவந்துவிடும். தினமும் சாக்ஸையும் கையுறையையும் உள்பக்கம் வெளியே திருப்பி உதறிப் பாருங்கள், துவைத்த பிறகும் பாருங்கள். காரணம் தெரியாமல் குழந்தை விடாமல் அழுதால் கால் விரல், கை விரல் ஒவ்வொன்றையும், ஆண் குழந்தை என்றால் குறியையும் வெளிச்சத்தில் பாருங்கள். முடி சுற்றியிருந்து சுலபமாக வரவில்லை என்றாலோ, எடுத்த பிறகும் வீக்கமும் சிவப்பும் இருந்தாலோ, அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.