எல்லாரும் பார்த்தாச்சு, ஒருத்தரும் பேசலை

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ்: 'ஞாயித்துக்கிழமை எல்லாரும் மீட் பண்ணலாமா?' போட்டு அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது, போட்டவர் நாலு தடவை போனை எடுத்துப் பார்த்தாச்சு. சத்தமே இல்லை. அடுத்த வேலை, மெசேஜை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ'வைத் தட்டுவது. யார் யார் எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்று பட்டியல் வரும். ப்ளூ டிக்கை அணைத்து வைத்திருக்கும் கெட்டிக்காரர்களும் குரூப்பில் தப்ப முடியாது, அந்த வசதி தனி சாட்டுக்கு மட்டும்தான். ஆக, பதினாலு பேர் படித்திருக்கிறார்கள். நொந்துபோக இதைவிடப் பக்காவான ஆதாரம் வேண்டாம்.

பதினாலு பேருக்கும் பகையா என்ன? 'எல்லாரும்' என்று கூப்பிட்டால், 'வேற யாராவது முதல்ல சொல்லட்டும்' என்றுதான் ஒவ்வொருத்தருக்கும் தோன்றும். 1968-இல் டார்லி, லத்தானே என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் ஒரு சோதனை செய்தார்கள். இன்டர்காமில் ஒருவருக்கு வலிப்பு வரும் சத்தம். தனக்கு மட்டுமே கேட்கிறது என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அது ஓயுமுன் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நாலு பேருக்கும் கேட்கிறது என்று நம்பியவர்களில் 31 சதவீதம்தான். வலிப்புக்கே இந்தக் கதி என்றால், ஞாயிற்றுக்கிழமைக்கு யார் எழுந்திருக்கப் போகிறார்கள்?

இதற்குள் ரோஷம் வந்துவிடும். 'லெஃப்ட்' ஆகி எல்லாரையும் பதற வைக்கலாம் என்று நினைத்தால், அது பழைய காலம். 2022-இலிருந்து வெளியேறினால் அறிவிப்பு அட்மினுக்கு மட்டும்தான் போகும். அவரும் குரூப்பை மியூட்டில் போட்டிருந்தால் கோபித்துக்கொண்டு போனதே வீண். மெசேஜை டெலிட் செய்வது மேல். 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது' என்று வந்ததும், அதுவரை கல்லாக இருந்தவர்கள் ஆறு பேர் ஓடி வருவார்கள்: 'என்ன போட்டீங்க? என்ன போட்டீங்க?'

இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இந்த வலி என்று வெட்கப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் திரையில் மூன்று பேர் பந்து வீசும் 'சைபர்பால்' என்ற ஆட்டத்தில், ஆரம்பத்தில் சில வீச்சுக்கு அப்புறம் நம் பக்கம் பந்தே வராது. மற்ற இருவரும் வெறும் கம்ப்யூட்டர்தான் என்று முன்னாடியே சொல்லிவிட்டு ஆடவைத்தபோதும் ஆட்களின் முகம் தொங்கித்தான் போனது (2004-இல் வந்த ஆய்வு).

அடுத்த தடவை 'எல்லாரும்' என்ற சொல்லைத் தூக்கிவிட்டு, ரெண்டே ரெண்டு பேரை டேக் செய்யலாம். நாள், மணி, இடம் மூன்றையும் நீங்களே முடிவு செய்துவிட வேண்டும்; 'எப்போ வசதி?' என்று கேட்டால் மறுபடியும் மௌனவிரதம்தான். கூடவே ஒரு சின்ன உதவி: 'வரும்போது அந்த கேரம் போர்டை எடுத்துட்டு வர்றியா? நீ இல்லாம ஆட்டம் சேராது.' படிக்கிற பதினாலு பேரும் தன் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பேர் விழுந்தவர் ரெண்டு நிமிஷத்தில் 'டன்' என்பார்.

மூணாவது நிமிஷம், பேர் விழாத ஒருத்தரிடமிருந்து தனி சாட்டில் வரும்: 'ஏன், என்னைக் கூப்பிடத் தோணலையா?'