ஏழரை மணிக்குத் தெரியாத ஆறு

என் அம்மாவுக்குப் பிறந்தநாள் இரண்டு உண்டு. சான்றிதழில் இருப்பது 1955 ஜூன் 1. ஐந்து வயது நிறையாத பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காக அந்தக் காலத்துத் தலைமையாசிரியர் தாமாக எழுதிக்கொண்ட தேதி அது. ஆதார் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் அதுவே நிலைத்துவிட்டதால், ஆண்டுதோறும் ஜூன் முதல் தேதியன்று வங்கியிலிருந்து வாழ்த்துச் செய்தி வரும்போது, "ஆருக்குல பொறந்தநாளு?" என்று அம்மா கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமான வேடிக்கை. வீட்டுக் கணக்கின்படி அவர் பிறந்தது 1956, தை மாதம், உத்திர நட்சத்திரம். அன்று காலையில் நெல்லையப்பர் கோயிலில் காந்திமதியம்மைக்கு ஓர் அர்ச்சனை, மதியம் சிறுபருப்புப் பாயசம். அதற்கு மேல் கொண்டாட்டம் என்று எதுவும் இருந்ததில்லை.

இந்தத் தையில் அவருக்கு எழுபது நிறைந்தது. அறுபதுக்கும் எழுபதுக்கும் எண்பதுக்கும் சாந்தி வைத்த பெரியவர்கள் எல்லாவற்றையும் கணவனின் வயதைக் கொண்டே கணக்கிட்டுவிட்டதால், அப்பா இல்லாத வீட்டில் அம்மாவின் எழுபதுக்கென்று செய்வதற்குச் சடங்கு ஏதும் இல்லை. அந்த இடத்தைத்தான் பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி பிடித்துக்கொண்டான். இந்தமுறை பாயசத்தோடு முடிக்கக் கூடாது, தாமிரபரணி ஆற்றைப் பார்த்தபடி அமர்ந்து சாப்பிடும் மாடி உணவகத்துக்கு அம்மாவை அழைத்துப் போக வேண்டும், செலவு முழுவதும் தன்னுடையது என்று தொலைபேசியிலேயே முடிவு செய்துவிட்டான். உணவகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை; எழுதினால் குறை சொல்வதற்காகவே எழுதியது போல் ஆகிவிடும்.

சன்னலோர மேசை வேண்டுமென்றால் முன்பதிவு செய்ய வேண்டும் என்றும், இரவு ஏழு மணிக்கு மேல் அந்த மேசைகளில் அமர்பவர்கள் ஆளுக்குக் குறைந்தது ஆயிரம் ரூபாய்க்குச் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார்கள். பெரியவர்களும் குழந்தைகளுமாக நாங்கள் ஏழு பேர். தம்பி யோசிக்காமல் ஏழரை மணிக்குப் பதிவு செய்தான், நானும் யோசிக்கவில்லை. தை மாதக் கடைசியில் திருநெல்வேலியில் சூரியன் ஆறரை மணி வாக்கில் அடங்கிவிடும் என்பது இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் இருவருக்கும் தெரியாத செய்தி அல்ல. ஆனாலும் விருந்து என்றால் இரவுச் சாப்பாடுதான் என்ற எண்ணம் எப்படியோ எங்களுக்குள் ஊறிப்போயிருந்தது.

மின்தூக்கியில் ஏறி மேலே போனோம். தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடி. அதை ஒட்டிய மேசையில் அம்மாவை நடுநாயகமாக உட்கார வைத்தோம். அம்மா கண்ணாடிப் பக்கம் திரும்பிச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "என்னல, நம்ம மூஞ்சிதான் தெரியிது" என்றார். உண்மைதான். வெளியே இருட்டு, உள்ளே தலைக்கு மேல் வரிசையாக எரிந்த விளக்குகளின் வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடி முழுவதும் முகம் பார்க்கும் கண்ணாடியாக மாறியிருந்தது. எங்கள் ஏழு பேரையும், எங்களுக்குப் பின்னால் தட்டுகளோடு நடந்துகொண்டிருந்த பரிமாறுபவர்களையும், அடுத்த மேசையில் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்த குடும்பத்தையும் அது துல்லியமாகக் காட்டியதே தவிர, ஆறு இருந்த திசையில் கறுப்பைத் தவிர வேறொன்றையும் காட்டவில்லை.

மேலாளரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர்; எங்கள் மேசைக்கு மேலிருந்த வரிசையை மட்டும் அணைக்கச் செய்தார். பெரிதாக மாற்றம் இல்லை. அப்போது அம்மா ஒரு காரியம் செய்தார். சேலை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி, இரு பக்கமும் துணியைக் கைகளால் பிடித்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டார். பழைய காலத்துப் புகைப்படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பாரே, அதுபோல. என் மகளும் உடனே, "ஆச்சி, நானும்" என்று அந்த முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். இருவருக்கும் தெரிந்தது சுலோச்சன முதலியார் பாலத்தின் மேல் ஊர்ந்த வண்டிகளின் விளக்குகள் மட்டும். ஆற்றைக் கடக்கப் படகை நம்பியிருந்த காலத்தில், மாவட்ட அலுவலகத்தில் சிரஸ்தார் என்ற அதிகாரியாக இருந்த ஒருவர் தம் சொந்தப் பணத்தைப் போட்டு 1843இல் கட்டி முடித்த பாலம் அது என்று மகளிடம் சொன்னேன். "அவர் பில்லுக்கு நாம காசு கொடுக்க வேண்டாமா?" என்று அவள் கேட்டாள். தம்பி சிரித்தான்.

உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, ஒன்றைத் தவிர. பட்டியலில் 'நெல்லைச் சொதி' என்று பார்த்ததும் அம்மாவின் முகம் மலர்ந்தது. மூன்று இடியாப்பத்தோடு 390 ரூபாய். சொதி என்பது எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு வைக்கும் குழம்பு. தேங்காயை மூன்று முறை பிழிந்து பால் எடுத்து, மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் வேகவைத்து, வெந்த சிறுபருப்பையும் இஞ்சி பச்சைமிளகாய் விழுதையும் சேர்த்து, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரைகட்டி வரும் நேரத்தில் இறக்கிவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு இறக்கிய பிறகுதான். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் இல்லாமல் எங்கள் வீட்டில் சொதி வைத்ததே கிடையாது. இங்கே வெள்ளைக் கிண்ணத்தில் வந்த சொதியின் மேல் எண்ணெய் தனியாகவும் நீர் தனியாகவும் பிரிந்து நின்றது. அம்மா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துவிட்டு, "முதப்பாலக் கொதிக்க விட்டுட்டாவ" என்று மெதுவாக, பரிமாறுபவர் காதில் விழாதபடி சொன்னார். ஆனாலும் மீதம் வைக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியதை மிச்சம் வைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

கேக் வந்தது, வெட்டினோம், படம் எடுத்தோம். படங்கள் எல்லாவற்றிலும் பின்னணியில் நாங்களே இன்னொரு முறை இருக்கிறோம்.

பில் மேலிருந்து கீழ்வரை படிக்கும் வழக்கம் எனக்கு உண்டு. தம்பிக்கு அது கூச்சம். உணவுக்கு 7,860 ரூபாய். அதன்மேல் சேவைக் கட்டணம் பத்து சதவீதம், 786 ரூபாய். இரண்டையும் கூட்டி, அந்தத் தொகைக்கு ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. 432 ரூபாய் 30 காசு. ஆக மொத்தம் 9,078 ரூபாய் 30 காசு. வரியை யாரும் தவிர்க்க முடியாது. ஆனால் சேவைக் கட்டணம் அப்படியல்ல. அதை உணவகங்கள் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இதைக் குரல் உயர்த்தாமல் சொன்னேன். மேலாளர் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசாமல் புதிய பில் கொண்டுவந்தார்: 8,253 ரூபாய். இவ்வளவு எளிதாக எடுத்துவிடக்கூடிய ஒன்றைக் கேட்காதவர்களிடம் மட்டும் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்களுக்குப் பரிமாறிய பையனின் கையில் ஐந்நூறு ரூபாயைத் தம்பி தனியாகக் கொடுத்தான்; அது அவனுக்கே போய்ச் சேரும்.

படியிறங்கும்போது அம்மா தொகையைக் கேட்டார். சொல்லக் கூடாது என்று தம்பி கண்ணைக் காட்டினான், நான் சொல்லிவிட்டேன். "ஆத்தைக் காட்டுதோம்னு சொல்லிக் கூட்டியாந்துட்டு" என்று ஆரம்பித்தவர், தம்பியின் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார். அந்த அரை வாக்கியம் எனக்குள் கிடந்து உறுத்தியது.

தம்பி பெங்களூருக்குப் புறப்பட்டுப் போன மறுவாரம், ஒரு சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மாவை மட்டும் அதே இடத்துக்கு அழைத்துப் போனேன். உணவகம் காலியாக இருந்தது. முன்பதிவு தேவையில்லை, ஆளுக்கு ஆயிரம் என்ற நிபந்தனையும் அந்த நேரத்தில் இல்லை. எந்த மேசையில் வேண்டுமானாலும் அமரலாம் என்றார்கள். காட்சிக்கென்று கூடுதல் பணம் வாங்கும் இடத்தில், காட்சி தெரிகின்ற நேரத்தில் மேசை சும்மா கிடக்கிறது! இரண்டு காப்பி சொன்னோம், ஒன்று 140 ரூபாய்.

அம்மா காப்பியை மறந்துவிட்டார். மேற்கே தொடுவானத்தில் பொதிகை மலை நீலமாக, ஒரு மடிப்பு விடாமல் தெரிந்தது. அதற்கு இப்பால் பிசானப் பருவத்து நெல் வயல்கள், கதிர் முற்றிப் பாதி பச்சையும் பாதி மஞ்சளுமாக. திருநெல்வேலி டவுணில் வளர்ந்த அவருக்குச் சிறுவயதில் குறுக்குத்துறைதான் குளிக்கும் துறை. அந்தப் படித்துறையை விரலால் தொட்டுக் காட்டுவதுபோல் கண்ணாடியில் விரல் வைத்துத் தேடிக் கண்டுபிடித்தார். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயில் அங்கே இருக்கிறது. வெள்ளம் வரும்போது உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கோயிலை ஆற்றிடம் விட்டுவிடுவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் அது தண்ணீருக்குள் இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தது. "அம்புட்டுத் தூரத்துலயிருந்து பாத்தா எத்தனை சின்னதா இருக்கு" என்றார் அம்மா. பிறகு பாலத்துக்குப் பக்கத்தில் கரையோரம் படர்ந்திருந்த அடர்ந்த பச்சையைக் காட்டி, அங்கே எப்போது வயல் போட்டார்கள் என்று கேட்டார். வயல் இல்லை, அமலைச்செடி, தண்ணீரை மூடிப் படரும் ஆகாயத்தாமரை என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. விரலை மட்டும் அந்த இடத்திலிருந்து எடுத்துவிட்டார்.

நாகர்கோவில் பக்கம் போகும் ரயில் ஒன்று ஆற்றைக் கடந்ததைப் பார்த்தோம். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். ஆறரை மணி தாண்டியதும் உள்ளே விளக்குகளை ஒவ்வொரு வரிசையாகப் போட ஆரம்பித்தார்கள். முதல் வரிசையில் மலை மங்கியது, இரண்டாவதில் கோயில் போனது, மூன்றாவதில் கண்ணாடிக்குள் நாங்கள் இருவரும் வந்து உட்கார்ந்துகொண்டோம். அம்மா அதைப் பார்த்து நெற்றியில் கலைந்திருந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, "இனி நம்ம மூஞ்சிதான் தெரியும், எந்திரி" என்றார்.