பேனையும் மனஸ்தாபமும்

ஞானோபதேச (கத்தோலிக்க மறைக்கல்வி) வகுப்பில் எங்களுக்கு முதலில் மனப்பாடமானது, நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதற்கு, வேண்டிய ஐந்து காரியங்கள். ஆத்தும சோதனை, மனஸ்தாபம் (செய்த பாவத்துக்காக மனம் வருந்துவது), இனிச் செய்யமாட்டேன் என்ற பிரதிக்கினை, குருவிடம் பாவங்களைச் சொல்வது, அவர் விதிக்கும் அபராதம் தீர்ப்பது. மாதத்தின் முதல் வெள்ளி நெருங்கினால் வகுப்பெடுத்த குருவான சுவாமி கேட்பார், நாங்கள் ஒரே மூச்சில் ஒப்புவிப்போம்.

ஒருநாள் பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான். "சுவாமி, களவெடுத்த பேனையைப் பற்றிப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டால் பாவம் போய்விடும்தானே? பிறகு ஏன் திருப்பிக் கொடுக்க வேண்டும்?" எல்லோரும் சிரித்தோம். சுவாமி சிரிக்கவில்லை. சோக்கை வைத்துவிட்டு அவன் மேசையடிக்கு வந்தார். "பேனை இன்னும் உன் பைக்குள்தான் இருக்கிறதென்றால், மனஸ்தாபம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அப்புறம் லூக்கா நற்செய்தியில் வரும் வரி வசூலிப்பவரான சக்கேயுவின் கதைக்குப் போனார். ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவர் சொன்ன பிறகல்லவா "இன்று இந்த வீட்டுக்கு மீட்பு உண்டாயிற்று" என்று இயேசு சொல்கிறார் என்றார்.

இரக்கம் என்றால் கண்டும் காணாமல் விடுவது என்று நினைப்பவர்களை இன்றும் சந்திக்கிறேன். அந்த வகுப்பில் இருந்த எவரும் அப்படி நினைக்க வழியில்லை.

மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் வரும் கடன்காரன் உவமையைப் படிப்பித்த நாளும் மறக்கவில்லை. பத்தாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்டவன், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டியவனின் கழுத்தை நெரிக்கிறான். சுவாமி கரும்பலகையில் கணக்குப் போட்டார். ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். அப்படியானால் முதல் கடன் 6 கோடி நாள் கூலி, ஆயிரம் பிறவி எடுத்து உழைத்தாலும் தீராது. நாங்கள் வாயைப் பிளந்தோம். ஆனால் அவர் கோடு போட்டது இரண்டாவது கடனின் கீழ்தான். நூறு நாள் கூலி, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. "இது சின்னக் கடன் இல்லை பிள்ளைகளே. உங்களுக்கு ஒருவன் செய்த தீமையை ஆண்டவர் சில்லறை என்று சொல்லவில்லை."

அந்த வார்த்தையைத்தான் நான் அதிகம் பிடித்துக்கொண்டிருக்கிறேன். காயப்பட்டவரிடம் "அதெல்லாம் ஒரு விஷயமா, மன்னித்துவிடு" என்று சொல்வது கொடுமை. இழப்பைப் பெரியது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் மன்னிப்பு என்ற பேச்சுக்கே இடம் வருகிறது. அடிக்கிற கைக்குள் திரும்பிப் போய் நிற்கச் சொல்வதும் மன்னிப்பு அல்ல. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981 மே 13 அன்று தம்மைச் சுட்ட அலி அக்ஜாவைச் சில நாள்களிலேயே மன்னித்தார், 1983 டிசம்பரில் சிறைக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். ஆனாலும் அக்ஜா 2000ஆம் ஆண்டு வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார்.

சரி, இதை ஏன் சங்க மலரில் எழுதுகிறேன்? நம் ஒன்றுகூடல்களில் ஒரே வகுப்பில் தோளோடு தோள் இருந்த இருவர் ஆளுக்கொரு மூலையில் மேசை பிடிப்பதைப் பார்க்கிறேன். ஒருவர் கடனாகக் கொடுத்த பணமாக இருக்கும், அல்லது ஒரு துக்க வீட்டுக்குப் போகாததாக இருக்கும். இருவருக்கும் நெருங்கியவர்கள் கேட்டால், "அவன் முதலில் வரட்டும்" என்பதே இரு பக்கத்துப் பதிலும்.

யார் முதலில் போவது என்று சுவாமியிடமும் ஒருவன் கேட்டிருக்கிறான். அவர் இரண்டு இடங்களைத் திறந்து வாசிக்கச் சொன்னார். மத்தேயு 5இல், உன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு நீ போ என்றிருக்கிறது. மத்தேயு 18இல், சகோதரன் உனக்கு எதிராகப் பாவம் செய்தால் நீ போய்ப் பேசு என்றிருக்கிறது. தீமை செய்தவனையும் இயேசு போகச் சொல்கிறார், தீமை பட்டவனையும் போகச் சொல்கிறார். உட்கார்ந்து காத்திருக்க அவர் யாருக்கும் அனுமதி தரவில்லை.