எழுத்து இல்லாத பலூன்கள்

போன மாதம் வந்த பார்சலை அம்மாதான் முதலில் பிரித்தாள். உள்ளே இருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏண்டா, எல்லாரும் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறாங்க, ஒரு வார்த்தையும் காணோமே?" என்று கேட்டாள். சரியான கேள்விதான். அது 1960களில் இங்கிலாந்தில் வந்த ஒரு பாக்கெட் சைஸ் போர்க் காமிக்ஸின் ஒரிஜினல் பக்கம், அதாவது ஓவியர் தன் கையால் மை தொட்டு வரைந்த தாள். வசனத்தைத் தனித்தனித் துண்டுக் காகிதத்தில் எழுதி ரப்பர் பசையால், படத்தில் பேச்சுக்காக வரைந்த பலூனுக்குள் ஒட்டியிருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் பசை காய்ந்து துண்டுகள் உதிர்ந்துவிட்டன. இப்போது பலூன்களில் இருப்பது டீக்கறை மாதிரி பழுப்புத் திட்டுகள் மட்டும். உதிர்ந்த துண்டுகளை விற்றவர் ஒரு குட்டி பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பியிருந்தார், மகராசன்.

இந்தப் பைத்தியம் எனக்குத் தொற்றியது முத்து காமிக்ஸால்தான். 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த அதன் முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. அதை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர் என்பதே எனக்குக் கல்லூரி முடித்த பிறகுதான் தெரியும். என் கைக்கு வந்த பழைய பிரதியில் மை அப்பி, பாதி முகங்கள் கறுத்துக் கிடக்கும். அதையே அப்படி வாய் பிளந்து பார்த்தவன், அந்த மனுஷன் வரைந்த தாளே கைக்குக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன், அங்கே பிடித்தது சனி.

ஒரிஜினல் ஆர்ட் சேகரிக்கிறவர்களுக்குக் காசி, ராமேஸ்வரம் எல்லாமே அமெரிக்காவின் இ.சி. காமிக்ஸ் என்ற கம்பெனிதான். 1950-ல் அதன் முதலாளி பில் கெயின்ஸ் ஆரம்பித்த டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட் வகையறா திகில் இதழ்கள் ஒரு பக்கம், ஹார்வி கர்ட்ஸ்மேன் ஆசிரியராக இருந்து நடத்திய டூ ஃபிஸ்டட் டேல்ஸ், ஃப்ரண்ட்லைன் காம்பாட் என்ற போர் இதழ்கள் இன்னொரு பக்கம். அந்தக் காலத்தில் அச்சு முடிந்ததும் ஒரிஜினல் என்ன ஆகும் தெரியுமா? பல கம்பெனிகளில் குப்பைக்குப் போகும், இல்லை கிழிப்பார்கள், ஆசையாகக் கேட்ட வாசகப் பையன் கையில் சும்மா கொடுத்தும் அனுப்புவார்கள். கெயின்ஸ் மட்டும் கிட்டத்தட்ட அத்தனை பக்கங்களையும் கட்டிக்கட்டி வைத்திருந்தார். 1970களின் கடைசியிலிருந்து ரஸ் காக்ரன் என்பவர் மூலமாக அவை ஏலத்துக்கு வர ஆரம்பித்தன. அந்த ஒரு ஆள் பழைய சாமானைத் தூக்கிப் போட மனசு வராதவராக இருந்ததால்தான் இன்றைக்கு இந்தச் சந்தையே இருக்கிறது.

அந்தப் பக்கங்கள் அச்சானதைப் போல நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்கு இருக்கும். கலர் கிடையாது. அதற்கு மேரி செவரின் தனியாக ஒரு பிரதியில் வண்ணம் தீட்டிக் கொடுப்பார். எனக்கு ரொம்பப் பிடித்தது எழுத்து விஷயம்தான். இ.சி.யின் திகில் கதைகளில் ஓவியரிடம் தாள் போவதற்கு முன்பே, லெராய் என்ற எழுத்துக்கருவியை வைத்து வசனத்தை நேராகத் தாளிலேயே எழுதிவிடுவார்கள். எஞ்சினியரிங் டிராயிங்கில் வருமே, அந்த மாதிரி உணர்ச்சியே இல்லாத எழுத்து. அதற்குக் கீழே கிரஹாம் இன்கெல்ஸ் எச்சில் ஒழுகும் கிழவிகளையும் அழுகிய பிணங்களையும் வரைவார். கர்ட்ஸ்மேனுக்கு இந்த எழுத்து ஆகாது. அவருடைய போர் இதழ்களுக்கு பென் ஓடா கையால் எழுதினார். இரண்டு பக்கங்களை அருகருகே வைத்தால் வித்தியாசம் பட்டென்று தெரியும். கையெழுத்தோ கருவி எழுத்தோ, இரண்டும் தாளோடு தாளாக இருக்கிறது, என்னுடையது மாதிரி உதிராது!

ஏலத்தில் திகில் பக்கத்துக்குத்தான் மவுசு. கதை சொல்லும் கிழப்பேய் முதல் கட்டத்தில் பல்லைக் காட்டினால் விலை எங்கேயோ போய்விடும், நல்ல அட்டைப்படம் என்றால் லட்சம் டாலர் கூடத் தாண்டும். இதில் அரசியலுக்கும் பங்கு உண்டு. 1954 ஏப்ரலில் காமிக்ஸ் பற்றி நடந்த அமெரிக்க செனட் விசாரணையில் செனட்டர் கெஃபாவர் ஒரு இ.சி. அட்டையைத் தூக்கிக் காட்டினார்: ஒருத்தன் ஒரு கையில் கோடரி, இன்னொரு கையில் வெட்டிய பெண் தலை. இது நல்ல ரசனையா என்று கேட்டதற்கு, திகில் காமிக்ஸுக்கு இது நல்ல ரசனைதான், தலையை இன்னும் கொஞ்சம் தூக்கி ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் கெட்ட ரசனை என்கிற மாதிரி பதில் சொன்னார் கெயின்ஸ். அடுத்த நாள் பத்திரிகைகள் வெளுத்து வாங்கின. அந்த வருடமே தணிக்கை விதிகள் வந்தன, திகில் இதழ்களுக்கு மூடுவிழாவும் நடந்தது. தடை பட்ட பொருளுக்குக் கிராக்கி கூடத்தானே செய்யும்.

என்னைக் கேட்டால் போர்ப் பக்கங்கள்தான் உசத்தி. சண்டை போடலாம், வாருங்கள். கர்ட்ஸ்மேன் ஒவ்வொரு கட்டத்துக்கும் தானே மாதிரி வரைந்து கொடுப்பார், ஓவியர் அதைத் தாண்டக் கூடாது. நீர்மூழ்கிக் கப்பலுக்குள் என்ன சத்தம் கேட்கும் என்று தெரிந்துகொள்ள உதவியாளரை நிஜமாகவே ஒன்றில் ஏற்றி அனுப்பிய ஆள். அவரே எழுதி வரைந்த கார்ப்ஸ் ஆன் தி இம்ஜின் கதையில் ஒரு அமெரிக்கச் சிப்பாய் எதிரியை ஆற்றில் அமுக்கிக் கொல்கிறான். வீரம், கொடி ஒன்றும் கிடையாது, தண்ணீரும் கையும் குமிழிகளும்தான். கொரியாவில் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே இதை அச்சடித்தார்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

சரி, இதெல்லாம் நம் பட்ஜெட்டுக்கு ஆகாது. அதனால்தான் இங்கிலாந்துப் பக்கம் ஒதுங்கினேன். 1958-ல் தொடங்கிய வார் பிக்சர் லைப்ரரி, 1961-ல் வந்த கமாண்டோ மாதிரி இதழ்களுக்கு மாதாமாதம் கட்டுக்கட்டாகப் படம் தேவைப்பட்டது. இத்தாலி, ஸ்பெயின், அர்ஜென்டினா என்று எங்கெங்கோ இருந்து வரைந்தார்கள், பெயர் போடும் வழக்கம் கிடையாது. ஹியூகோ பிராட் போன்ற மேதைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவர் பக்கம் என்று உறுதியானால் விலை பறக்கும், உறுதியாகாத பக்கங்கள்தான் என் மாதிரி ஆட்களுக்கு.

வாங்கும்போது ஏமாறவும் செய்திருக்கிறேன். முதலில் வாங்கிய திகில் பக்கம், விற்றவர் யாரோ எவரோ, லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாக அச்சு. பணம் போனது போனதுதான். இப்போது படம் கேட்கும்போதே வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து எடுக்கச் சொல்கிறேன். நிஜமான தாளில் மைக்கு அடியில் அழித்த பென்சில் கோடு லேசாகத் தெரியும், கறுப்பு ஒரே சீராக இருக்காது, தப்பை மறைக்கப் பூசிய வெள்ளை பெயிண்ட் மேடாக நிற்கும். என் பக்கத்தில் ஒரு சிப்பாயின் இடது கை முழுக்க வெள்ளை. முதலில் துப்பாக்கியை உயர்த்திப் பிடித்திருக்கிறான், பிறகு ஏதோ தோன்றி ஓவியர் கையை இறக்கிவிட்டார். வெள்ளைக்கு அடியில் பழைய கை இன்னும் நிழலாக இருக்கிறது. அச்சில் இது வந்தே இருக்காது.

நம்ம ஊர் ஈரத்துக்குக் காகிதம் பொறுக்காது, அதனால் சுவரில் மாட்டவில்லை. அமிலமில்லாத அட்டை, மைலார் பிளாஸ்டிக் கவர், சிலிக்கா ஜெல், பீரோ. வாரம் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பதோடு சரி. ஓரத்தில் பென்சிலில் 43 என்று எழுதியிருக்கிறது, எந்த இதழின் 43-ம் பக்கம் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

துண்டுகளைத் திரும்ப ஒட்டுவதா வேண்டாமா என்று நண்பர்களிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒட்டவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேஜையில் தாளை விரித்து, பசைக் கறையின் வடிவத்தைப் பார்த்துப் பார்த்து, அம்மாவும் நானும் எந்த வசனம் எந்த பலூனுக்கு என்று சும்மா வைத்துப் பார்த்தோம். பலூன் ஐந்து, துண்டு ஆறு. 'திரும்பிப் பார்க்காதே, ஓடு' என்கிற துண்டு மட்டும் எங்கேயும் பொருந்தவில்லை. வேறு ஏதோ ஒரு பக்கத்திலிருந்து உதிர்ந்து இதோடு வந்திருக்கிறது. அந்தப் பக்கம் யாரிடம் இருக்கிறதோ, அங்கே ஒருத்தன் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருப்பான்.