1827 அரை டாலர்: எந்த அச்சு?

ஜனவரி 11

1827ஆம் ஆண்டு அமெரிக்க அரை டாலர் வெள்ளி நாணயம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. விற்றவர் உறையில் ஆண்டையும் விலையையும் மட்டும் எழுதியிருந்தார். எனக்கு வேண்டியது ஓவர்டன் எண். 1794 முதல் 1836 வரை பிலடெல்ஃபியா நாணயச்சாலையில் அடித்த அரை டாலர்களை அச்சு (நாணயத்தில் உருவம் பதிக்கும் எஃகு வார்ப்பு) வாரியாகப் பிரித்து எண் கொடுத்தவர் அல் ஓவர்டன். அவர் புத்தகம் 1967இல் வந்தது. ஒவ்வோர் ஆண்டுக்கும் எண் 101இல் தொடங்கும். 1827க்கு மட்டும் கிட்டத்தட்ட ஐம்பது வகைகள். அந்த ஆண்டு அடித்தது 54 லட்சத்துக்கும் மேல். அச்சுகள் உடைய உடைய, புது அச்சு செய்துகொண்டே இருந்திருப்பார்கள்.

முதல் சல்லடை எளிது. ஆண்டில் உள்ள 2இன் அடி நேராக இருக்கிறதா, சுருண்டிருக்கிறதா? சுருண்டது ஓ-146, ஓ-147 (ஓ என்பது ஓவர்டன்) இரண்டும்தான். என்னுடையது நேர். அப்புறம், 1826 என்றிருந்த அச்சைத் திருத்தியதால் 7க்கு அடியில் பழைய 6 தெரிகிறதா? இல்லை. அதனால் ஓ-101, 102, 103 மூன்றும் போயின. மீதி நாற்பதுக்கு மேல்.

ஜனவரி 14

இன்று முழுக்கப் பின்பக்கம்தான். அனுபவசாலிகள் பலர் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். அது சரியென்றே நானும் நினைக்கிறேன், பின்பக்கத்தில் எழுத்துகள் அதிகம். அந்தக் காலத்தில் கழுகு உருவத்தை ஒரே முத்திரையாக அச்சில் இறக்கிவிடுவார்கள். சுற்றியுள்ள எழுத்துகளை அப்படி அல்ல, தனித்தனி உளியை வைத்து ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்தார்கள். ஒரு எழுத்து மயிரிழை சாய்ந்திருக்கும், இன்னொன்று பக்கத்து எழுத்தை நெருக்கும். எந்த இரண்டு அச்சும் ஒன்றாக இருக்க வழியே இல்லை.

பத்து மடங்கு லென்ஸில் பார்த்தது: கழுகுக்கு மேலே உள்ள நாடாவில் ஒவ்வொரு எழுத்தின் நேர் மேலே விளிம்பில் எந்த எழுத்து நிற்கிறது என்று வரைந்துகொண்டேன். பிறகு கழுகின் மார்பில் உள்ள கேடயம். அதன் செங்குத்துக் கோடுகளில் ஒன்றிரண்டு மேலே உள்ள குறுக்குக் கோடுகளுக்குள் நீண்டுவிடுகின்றன. எந்தக் கோடு, எத்தனாவது குறுக்குக் கோடு வரை என்று எண்ணினேன். கண் எரிகிறது. ஆனாலும் பட்டியல் கையடக்கமாகச் சுருங்கிவிட்டது.

ஜனவரி 19

நாணயச் சங்கத்துப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். "வாங்க தம்பி, முதல்ல இதப் பாருங்க" என்று 1813ஆம் ஆண்டு ஓ-101ஐக் கையில் வைத்தார். கழுகுக்குக் கீழே மதிப்பைக் குறிக்கும் '50 சி.'. வெளிச்சத்தைச் சாய்த்துத் திருப்பினால் அதற்கு அடியில் வேறு எழுத்துகளின் எச்சம்: யு, என், ஐ. நாட்டின் பெயரைத் தொடங்கவேண்டிய எழுத்துகளை மதிப்பு வரவேண்டிய இடத்தில் அடிக்கத் தொடங்கி, மூன்றாவது எழுத்தோடு நிறுத்தியிருக்கிறார் அந்தத் தொழிலாளி. அச்சைத் தூக்கிப் போடவில்லை. எஃகு விலை உயர்ந்தது, உழைப்பு அதைவிட. மேலேயே 50ஐ அடித்துவிட்டார்கள். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒருவரின் கை அங்கே தடுமாறி நின்ற கணம் அப்படியே வெள்ளியில் இருக்கிறது. நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஜான் ரீச் செய்த ஒரு காரியத்தையும் காட்டினார். 1807இல் நாணயச்சாலையில் உதவிச் செதுக்குநராகச் சேர்ந்து, தலைப்பக்கத்தில் உள்ள தொப்பி அணிந்த சுதந்திரத் தேவியை வடிவமைத்தவர் அவர். அவர் காலத்து அரை டாலர்களில் பதின்மூன்றாவது நட்சத்திரத்தின் ஒரு முனையில் சின்ன வெட்டு இருக்கும். அவருடைய கையொப்பம் என்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. தற்செயல் என்றால் ஆண்டுக்கு ஆண்டு அதே நட்சத்திரத்தில் விழாது.

ஜனவரி 23

வேலை அதிகம். லென்ஸைத் தொடவில்லை. ஒன்று மட்டும் குறித்து வைக்கிறேன்: இந்த நாணயங்கள் இவ்வளவு தெளிவாகப் பிழைத்ததற்கு வங்கிகள்தான் காரணம். 1804க்குப் பிறகு வெள்ளி டாலர் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். முப்பது வருடம் அரை டாலரே பெரிய வெள்ளி நாணயம். மூட்டையாகக் கட்டி வங்கிக்கு வங்கி போனது, கடைத்தெருவில் அதிகம் புழங்கவில்லை.

ஜனவரி 26

இரண்டு எண்களில் வந்து நிற்கிறேன். இரண்டுக்கும் பின்பக்க அச்சு ஒன்றே, தலைப்பக்கம்தான் வேறு. ஒரு பக்க அச்சு உடைந்தால் அதை மட்டும் மாற்றி, மறுபக்கத்தைத் தொடர்ந்து பயன்படுத்தியதால் வரும் சிக்கல் இது. சிக்கல் என்று சொல்லக்கூடாது, எனக்கு இதுதான் இந்த ஆராய்ச்சியிலேயே பிடித்த இடம். அச்சில் விழுந்த விரிசல் நாணயத்தில் மேடான கோடாகப் பதியும்; பின்பக்கத்து விரிசல் எந்த ஜோடியில் மெலிதாக இருக்கிறதோ அது முதலில் அடித்தது. எதில் நீண்டு தடித்திருக்கிறதோ அது பிந்தியது. நாணயச்சாலை ஏடுகளில் இல்லாத வரிசையை நாணயமே சொல்லிவிடுகிறது.

என் நாணயத்தில் விரிசல் விளிம்பிலிருந்து ஒரு எழுத்தின் கால் வழியாக இறக்கையைத் தொடுகிறது. தலைப்பக்கத்தில் முதல் நட்சத்திரத்துக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை வைத்து முடிவு சொல்லலாம், ஆனால் அந்த இடம் தேய்ந்திருக்கிறது. பெரியவரிடம் இதே பின்பக்கம் கொண்ட நல்ல நிலை நாணயம் ஒன்று உண்டு. சனிக்கிழமை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். அதுவரை உறையில் இரண்டு எண்களும் பென்சிலில்.