டொல்பின் வேனும் டீசல் முள்ளும்

நுவரெலியா பாதையில் இராம்பொடை வளைவுகளில் ஏறும்போது டீசல் மீட்டர் முள் ஒன்று காட்டும், இறங்கும்போது வேறொன்று காட்டும். அது பழுதில்லை, டேங்கில் டீசல் ஒரு பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் பழைய டொல்பின் வேனில் டேங்க் நிறைய அடித்த பிறகும் முள் அடியிலேயே கிடந்தது.

ஒரு கராஜில் பார்த்த மாத்திரத்தில் மீட்டரையே மாற்றச் சொன்னார்கள். "அவசரப்படாதீங்க தம்பி" என்றார் நமக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸ் அண்ணன். டேங்கில் இருந்து வரும் வயரைக் கழற்றி, சாவியைப் போட்டு, அந்த வயரை ஒரு சின்ன பல்ப் வழியாக வண்டியின் இரும்பில் தொட்டார். முள் மெல்ல எழுந்து மேலே போனது. அப்போ மீட்டரும் வயரும் சுகம். கோளாறு டேங்குக்குள் டீசலோடு ஏறி இறங்கும் மிதவையில், இல்லாவிட்டால் அதை வண்டியின் இரும்போடு இணைக்கும் எர்த் வயரில். பார்த்தால் எர்த் வயர் முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. நுவரெலியா ஈரத்துக்குச் செம்பு தாங்குமா? சுரண்டித் தேய்த்து இறுக்கினார், சரியாகிவிட்டது.

டீசல் வண்டியில் டேங்க் காய்ந்து நின்றால், பெட்ரோல் வண்டி மாதிரி ஊற்றியதும் லேசில் ஸ்டார்ட் ஆகாது. பைப்பில் காற்று ஏறிவிடும். பில்டர் மேல் உள்ள கைப்பம்பை அமுக்கி அமுக்கி அதை வெளியேற்ற வேண்டும். பனிக்குள், பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்க அடிக்க அதைச் செய்வது தனிக் கொடுமை.